பதினாறு யாமமும் உடலின் களஞ்சியமும்

(தசலக்ஷண பருவ விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)





கல்லூரியில் முதலாண்டு உயிரியல் பயிலும் ஒரு பெயர்த்தி, அட்டமி நோன்பிருக்கும் தன் பாட்டியாரிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "பாட்டி, நேற்று நண்பகலில் உண்டீர்கள். இன்று முழுதும் ஒன்றும் இல்லை. நாளை நண்பகல் வரையிலும் இல்லை. ஆயினும் ஜினாலயத்துக்கு நடந்து போகிறீர்கள், பூசையில் நிற்கிறீர்கள், நூலோதுகிறீர்கள். இந்த வலு எங்கிருந்து வருகிறது?"

"மனவுறுதிதான், அம்மா" என்பார் பாட்டியார்.

அவர் சொல்வது உண்மை. ஆனால் பாதி உண்மை. மறு பாதி அந்தப் பெண்ணின் பாடநூலில், செல், உயிர் மூலக்கூறு, வளர்சிதை மாற்றம் என்னும் மூன்று இயல்களில் இருக்கிறது. இரு பாதிகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம். பார்ப்பதற்குக் காரணமும் உண்டு. தீர்த்தங்கர நிலைக்கு ஏதுவாகச் சொல்லப்பட்ட பதினாறு பாவனைகளுள் ஒன்று 'சக்திதஸ் தபம்', அதாவது தன் ஆற்றலுக்கு ஏற்ற தவம். ஆற்றலுக்கு ஏற்பத் தவம் செய்ய வேண்டுமாயின், ஆற்றல் எவ்வளவு என்று அறிய வேண்டும். அந்த அறிவைத் தருவது உயிரியல்.

செல் என்னும் சிற்றில்லம்

1665ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் என்பவர் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். தேன்கூட்டின் அறைகள் போன்ற சிறு அறைகளைக் கண்டு, அவற்றுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். அவர் கண்டவை உயிரற்ற வெற்றறைகள். சில ஆண்டுகளுக்குப் பின் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், தாமே தேய்த்த வில்லையின் வழியே நீர்த்துளியைப் பார்த்து, அதில் நுண்ணுயிர்கள் இயங்குவதைக் கண்டார்.

மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் உள்ளன என்பது இன்றைய மதிப்பீடு. ஒவ்வொரு செல்லும் ஓர் இல்லம் போன்றது. சுற்றிலும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு மதிலாக நிற்கிறது. எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்று அம்மதிலிலுள்ள புரத வாயில்கள் தேர்கின்றன. உள்ளே உட்கரு குடும்ப ஏடு போல மரபுக் குறிப்பைக் காக்கிறது. மைட்டோகாண்ட்ரியா என்னும் உறுப்புகள் அடுப்புகள் போல எரிபொருளை எரித்து ஆற்றலை எடுக்கின்றன.

இவ்வில்லத்தில் ஓயாத வேலை இரண்டு: கட்டுதல், கலைத்தல். இரண்டையும் சேர்த்தே தமிழில் 'வளர்சிதை மாற்றம்' என்ற அழகிய பெயர் அமைந்தது. குடலின் உட்பூச்சுச் செல்கள் சில நாள்களிலேயே உதிர்ந்து புதியவை வருகின்றன. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மறைகிறது. தோன்றலும் மறைதலும் இடையறாது நிகழ, உடல் அதே உடலாக நிலைத்துத் தோன்றுகிறது. தோற்றம், அழிவு, நிலைபேறு என்ற மூன்றும் உடையதே உள்பொருள் என்று தத்துவார்த்த சூத்திரம் பயின்றவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

சோறு செல்லும் வழி

ஒரு கவளம் சோற்றில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த மாலை. வாயிலும் சிறுகுடலிலும் நொதிகள் அம்மாலையை அறுத்துத் தனி மணிகளாக்குகின்றன. பருப்பிலுள்ள புரதம் அமினோ அமிலங்களாகவும், நெய்யிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு, கொழுப்பு அமிலங்களாகவும் பிரிகின்றன.

இரத்தத்தில் கலந்த குளுக்கோஸ் ஒவ்வொரு செல்லையும் சென்றடைகிறது. ஆனால் செல் அதனை நேரடியாகச் செலவிடுவதில்லை. பத்திரத்தை விற்றுக் கைக்காசாக்குவது போல, குளுக்கோசைப் படிப்படியாகச் சிதைத்து 'ஏ.டி.பி.' என்னும் சிறு மூலக்கூறாக மாற்றிக்கொள்கிறது. தசை சுருங்குவதும், நரம்பு செய்தி கடத்துவதும், புதிய புரதம் கட்டுவதும் இக்காசினால் நடைபெறுபவை. 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். அந்தச் சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது தமிழ்நாட்டு மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

ஆக்சிஜன் கிடைக்கும்போது ஒரு குளுக்கோசிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கும். ஆக்சிஜன் இன்றி நொதித்தால் 2 மட்டுமே கிடைக்கும். மனிதன் ஓயாமல் மூச்சுவிடுவது இந்த வேறுபாட்டுக்காகத்தான். ஏ.டி.பி.யைச் சேமித்து வைக்க உடலால் இயலாது. ஈட்டியதும் செலவு, செலவானதும் மீண்டும் ஈட்டல். நோன்பு நாளிலும் இந்த ஈட்டல் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. ஆகவே உடலுக்குக் களஞ்சியம் தேவைப்படுகிறது.

மூன்று களஞ்சியங்கள்

இரத்தத்தில் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் மொத்தம் 5 கிராம் அளவே. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. மூளை மட்டுமே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசைச் செலவிடுகிறது. எனவே பின்னால் சேமிப்பு இல்லாவிடில் ஒரு மணி நேரமும் தாங்காது.

முதற் களஞ்சியம் கிளைக்கோஜன். பிரான்சு நாட்டு அறிஞர் குளோட் பெர்னார்ட் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்லீரலில் இதனைக் கண்டார். கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இது இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கல்லீரலில் உள்ளது ஊர்ப் பொதுக் களஞ்சியம். திறந்து இரத்தத்தில் விட்டால் அனைவருக்கும் பயன்படும். தசையில் உள்ளதோ அவரவர் வீட்டுக் குதிர். குளுக்கோசை வெளியே விடுவதற்கான நொதி தசையில் இல்லாமையால், அது அந்தத் தசைக்கே உரியது.

இரண்டாம் களஞ்சியம் கொழுப்பு. நடுத்தர உடலமைப்புடையவரிடமும் இது 10 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். பல வாரங்களுக்குப் போதுமான செல்வம் இது.

மூன்றாவது புரதம். இதனைக் களஞ்சியம் என்று சொல்வதே பொருந்தாது. தசையும் நொதியும் இதனால் ஆனவை. இதனை எடுப்பது வீட்டுத் தூணைப் பெயர்த்து அடுப்பெரிப்பதற்கு ஒப்பாகும்.

பதினாறு யாமக் கணக்கு

சிராவகர்க்குரிய பன்னிரு விரதங்களுள் ஒன்றான புரோஷதோபவாசத்தின் தலையாய முறை யாவரும் அறிந்தது. ஏழாம் நாள் நண்பகலில் ஒருமுறை உண்டு, எட்டாம் நாள் முழுதும் உண்ணாதிருந்து, ஒன்பதாம் நாள் நண்பகலில் உண்பது. ஒரு யாமம் 3 மணி நேரம். பதினாறு யாமம் 48 மணி நேரம். இந்த 48 மணி நேரத்தில் உடலுக்குள் நிகழ்வது இது.

முதல் யாமமும் அடுத்ததில் ஒரு பகுதியும் உண்ட உணவே உடலை நடத்துகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்க, செல்கள் குளுக்கோசை ஏற்கின்றன. மிகுதி களஞ்சியம் சேர்கிறது.

மாலையில் இன்சுலின் குறைகிறது. குளுக்ககான் என்னும் மற்றொரு சுரப்பு மேலெழுகிறது. கல்லீரல் தன் களஞ்சியத்தைத் திறக்கிறது. இரவு முழுதும் மூளைக்குச் சீரான குளுக்கோஸ் சென்றுகொண்டிருக்கிறது.

எட்டாம் நாள் நண்பகல், அதாவது எட்டு யாமம் கழியும் அளவில், கல்லீரல் கிளைக்கோஜன் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதுவே நோன்பின் திருப்புமுனை. மூளைக்கு இன்னமும் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு நிறைய இருந்தும், கொழுப்பு அமிலத்திலிருந்து குளுக்கோஸ் செய்ய மனித உடலால் இயலாது. கொழுப்பின் சிறு பகுதியான கிளிசரால் மட்டுமே அதற்குப் பயன்படும். எனவே கல்லீரல், தசைப் புரதத்தின் அமினோ அமிலங்களிலிருந்து புதிய குளுக்கோசைக் கட்டுகிறது. தொடக்க நாள்களில் இதற்காக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 75 கிராம் புரதம் கரையும். தூண் பெயரும் நேரம் இது.

தூண் பெயர்ந்துகொண்டே போனால் வீடு நில்லாது. ஆகவே உடல் வேறு வழியைக் கைக்கொள்கிறது. கல்லீரல் கொழுப்பு அமிலங்களைக் 'கீட்டோன்' எனப்படும் சிறு மூலக்கூறுகளாக்கி இரத்தத்தில் விடுகிறது. ஒன்பதாம் நாட் காலையில் நோன்பிருப்பவர் மூச்சில் சிலபோது உணரப்படும் ஒருவகை இனிய மணம் இதன் அடையாளம். மூளை குளுக்கோசை மட்டுமே கொள்ளும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1967இல் பாஸ்டன் நகரில் ஆலிவர் ஓவனும் ஜார்ஜ் கேஹிலும் அவர்தம் குழுவினரும், 5, 6 வாரங்கள் உண்ணாதிருந்த உடற்பருமனுடையோர் மூவரிடம் ஆராய்ந்து, மூளையின் எரிபொருளில் பெரும்பகுதி கீட்டோனாக மாறிவிடுவதைக் காட்டினர். மூளை கீட்டோனுக்குப் பழகப் பழகப் புரத இழப்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 கிராமாகக் குறைகிறது. ஆனால் இப்பழக்கம் முழுமை பெற வாரங்கள் ஆகும். பதினாறு யாமத்தில் அது தொடங்குவதோடு சரி.

பாட்டியாரின் நடை எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை இதுவே. முதல் நாள் கல்லீரல் தந்தது. மறுநாள் கொழுப்பும், ஓரளவு தசையும் தந்தன. இவ்வளவையும் ஓசையின்றி நடத்தித் தந்தது உடலின் ஒழுங்கு.

உவமை வேறு, சான்று வேறு

பட்டினி கிடக்கும் செல் தன்னுள் பழுதான பகுதிகளைத் தானே சிதைத்து, அவற்றின் மூலக்கூறுகளை மீளப் பயன்படுத்துகிறது. உணவின்றி வைத்த ஈஸ்ட் செல்களில் இதனை ஆராய்ந்து அதன் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். இச்செய்தியைக் கேட்டவுடன், "நிர்ஜரையை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது" என்று மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சியில் சிறிது நிதானம் வேண்டும். செல் கழிவை நீக்குவது, வினை உதிர்வதற்கு ஓர் உவமை ஆகலாம், சான்று ஆகாது. வினை ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுவது அன்று.

இரவு உண்ணாமையும் அவ்வாறே. அதன் வேர் கொல்லாமை. இருளில் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியாதிருக்க ஏற்பட்டது. மாலையில் குளுக்கோசைக் கையாளும் திறன் காலையினும் குறைகிறது என்பதும், உடலின் நாட்கடிகாரத்தை ஆராய்ந்த மூவர் 2017இல் நோபல் பரிசு பெற்றதும் உண்மை. அவை உடலுக்குக் கிடைக்கும் பக்கப் பயன்கள். அறத்தை மருந்துச் சீட்டாகச் சுருக்கிவிட்டால், நாளை வேறோர் ஆராய்ச்சி வேறொன்று கூறும்போது அறமும் ஆட்டம் காணும்.

மறைத்து வைத்த மாத்திரை

இனி, இவ்வுரையின் இன்றியமையாப் பகுதி.

அந்தப் பாட்டியார் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர் என்று கொள்க. பருவ நாளில் அவர் முன் இருவழிகள் தோன்றும். மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு உண்ணாதிருத்தல் ஒன்று. மாத்திரையையும் விட்டுவிடுதல் மற்றொன்று. வீட்டார் தடுப்பார்கள் என்று அஞ்சி எதனையும் சொல்லாமல் இருப்பதும் உண்டு. இரண்டும் இடர் தருபவை. ஏன் என்பதை மேற்சொன்ன கணக்கே காட்டும்.

கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரைகள் உள. உணவு வந்ததா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலின் மிகுந்தால் கல்லீரல் களஞ்சியம் பூட்டப்படும், கொழுப்பும் கரையாது, கீட்டோனும் பிறவாது. நோன்பாளியைத் தாங்க வேண்டிய வழிகள் யாவும் ஒருசேர அடைபடுகின்றன. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம், பின் மயக்கம். இந்நிலையில் உடனே சர்க்கரையோ வெல்லமோ கரைத்த நீரைத் தர வேண்டும். மயங்கி விழுங்க இயலாதவர்க்கு வாயில் ஒன்றும் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மாறாக, இன்சுலின் ஊசியையே நம்பி வாழ்பவர் அதனை அறவே நிறுத்தினால் கீட்டோன் கட்டுக்கடங்காமல் பெருகி இரத்தத்தை அமிலமாக்கும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதியவகை மாத்திரை உட்கொள்வோர்க்கும், உண்ணாதிருக்கும்போது இந்த இடர் உண்டு. இங்கே எண்ணத்தக்கது ஒன்று: அதே கீட்டோன்தான். சிறிதளவு இன்சுலின் அடக்கி ஆளும்போது அது மூளைக்கு உணவு. அடக்குவார் இல்லாதபோது அது நஞ்சு. அடக்கத்தின் பெருமை செல்லிலும் விளங்குகிறது.

சிறுவரின் கல்லீரல் சிறிது. உடலளவில் அவர்கள் மூளையோ பெரிது. ஆதலின் அவர்களுடைய களஞ்சியம் விரைவில் தீரும். கருவுற்ற தாய்மார்க்கும் இந்நிலை விரைந்து வரும். முதியோர்க்குத் தாக உணர்வு மங்கிவிடுவதால், நீர் வறட்சி அறியாமலே புகும். கொழுப்பு எரியும்போது உடலுக்குள் சிறிதளவு நீர் பிறப்பது உண்மையே. ஆனால் மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் கழியும் நீரை அது ஈடு செய்யாது. உணவின்றி வாரக்கணக்கில் தாங்கும் உடல், நீரின்றிச் சில நாளே தாங்கும். சிறுநீரகக் குறை உடையவர் நீரையும் விடும் நோன்பை மருத்துவரிடம் கலந்து கொள்ளாமல் ஏற்றல் கூடாது.

பத்து நாளும் உண்ணாதிருக்கும் பெருநோன்பாளர்க்கு இடர், நோன்பிலும் பாரணையில் மிகுதி. நெடுநாள் உண்ணாமைக்குப் பின் ஆதிபகவன் சிரேயாம்சரிடம் கருப்பஞ்சாறு ஏற்ற அட்சய திருதியை நிகழ்ச்சி யாவரும் போற்றுவது. அது பகவன் வரலாறு. இல்லறத்தார் உடல் வேறு. 5 நாளுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் உண்ணாதவர் திடீரென்று இனிப்பும் சோறும் மிகுதியாக உண்டால், இன்சுலின் பாய்ந்தெழும். இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் விரைந்து புகுந்துவிடும். இரத்தத்தில் அவை குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டினியிலிருந்து மீண்டோரிடம் மருத்துவர் கண்ட துயரம் இது. ஆதலின் பாரணை சிறிது சிறிதாக, மருத்துவர் கண்காணிப்பில் அமைதல் வேண்டும்.

ஆற்றலுக்கேற்ற தவம்

தசலக்ஷணத்தில் உத்தம தபம் ஓர் அறம் மட்டுமே. மாத்திரையை மறைப்பது நோன்பைக் காப்பது போலத் தோன்றினும், உத்தம ஆர்ஜவமாகிய நேர்மைக்கும் உத்தம சத்தியத்துக்கும் ஊறு செய்கிறது. அடுத்த வீட்டார் மூன்று நாள் இருந்தார், இவ்வீட்டார் ஐந்து நாள் என்று எண்ணிப் போட்டியிடுவது உத்தம மார்தவமாகிய பணிவை இழக்கிறது. ஒன்றைப் பெறப் பிறவற்றை இழப்பது நல்ல வாணிகம் ஆகாது.

முழு நோன்பு இயலாதார்க்கு வழியில்லை என்பதும் இல்லை. ஒருபொழுது உண்ணல், வயிறு நிறையாது உண்ணல், நெய், பால், தயிர், எண்ணெய், உப்பு, இனிப்பு ஆகிய சுவைகளுள் ஒன்றைத் துறத்தல் எனப் புறத்தவத்திலேயே படிகள் உள. அகத்தவம் ஆறில் நூலோதலும், தொண்டும், தியானமும் எந்த மருந்தோடும் முரண்படா. மருந்தை விலக்காத வரம்போடு நோன்பை ஏற்பது எவ்வாறு என்பதைச் சான்றோரிடமும், எந்த அளவு உடல் தாங்கும் என்பதை மருத்துவரிடமும், பருவம் தொடங்கும் முன்னரே கேட்டு வைத்தல் நலம். பருவத்துக்கு இரு வாரம் முன்னர்க் குடும்பத்தார் பெரியவர்களுடன் அமர்ந்து இதனைப் பேசி முடிப்பது ஒவ்வோர் இல்லத்திலும் வழக்கமாதல் வேண்டும்.

முதலிற் கண்ட பெயர்த்தி இப்போது பாட்டியாரிடம் சொல்லத்தக்கது இதுவாகும்: "பாட்டி, இந்த ஆண்டு டாக்டரிடம் கேட்டுவிட்டு நோன்பு ஏற்போம். நானும் உடன் வருகிறேன்." பாட்டியாரும் மாத்திரை டப்பாவை அவள் கையில் கொடுத்து, "இதையும் எடுத்துக்கொள், அவரிடம் காட்ட வேண்டும்" என்பாராயின், அந்நோன்பு அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாமை அறத்தின் வேர். அவ்வெவ்வுயிருள் நோற்பவர் உயிரும் ஒன்று.

அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!